கையகலப் பாதை

முதலில் தெரிந்தது கண்ணில்தான்.
நாலு மாதம். பால் குடித்து முடித்து
என்னைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.
இடம் வலம் இடம் வலம் என்று
என் முகத்தின் மேல் போய்ப் போய் வந்தன கருவிழிகள்,
என் வண்டிக் கண்ணாடியில்
பனி துடைக்கும் தண்டுகள் போல,
துடைக்க எதுவும் இல்லாமல்.

நான் சாலைக்காரி.
சல்லாவிலிருந்து ரஷ்ய எல்லை வரை
அதிகாலை மூன்று மணிக்குப் பனி தள்ளுகிறவள்.
இருட்டில் நேராக ஓட்டத்தான் எனக்குச் சம்பளம்.

ஆறு மாதத்தில் தலை நிற்கவில்லை.
குப்புற விழவில்லை.
அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால்
ஈரத் துணிபோல நழுவுவாள் ஐலி.
நழுவிக்கொண்டே சிரிப்பாள்.
இப்படிச் சிரிக்கிற பிள்ளைக்கு என்ன வந்துவிடப் போகிறது?
"சோம்பேறி" என்றான் யோர்மா,
"உன் அண்ணன் மாதிரி."

தாதி துவோவியிடம் மஞ்சள் அட்டை ஒன்று உண்டு.
உட்காருகிறாளா. தவழ்கிறாளா. ஒரு சொல்லாவது.
பேனா கட்டத்துக்கு மேல் வந்து நிற்கும்,
எதையோ மோப்பம் பிடித்ததுபோல் விலகும்.
மூன்றாம் முறை போனபோது
அட்டையை எடுக்கவே இல்லை அவள்.
காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.
அப்போதுதான் பயந்தேன்.

ஊலுவில் சிறுநீர் கேட்டார்கள், ரத்தம் கேட்டார்கள்,
பிறகு முன்னோர் பெயர்களைக் கேட்டார்கள்.
காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டே போனார் மருத்துவர்.
யோர்மா பக்கம் ஐந்து தலைமுறை, என் பக்கம் ஆறு.
இரண்டும் ஓர் ஏரிக்கரைப் பண்ணையில் போய் முட்டின.
பஞ்சம் வந்த ஏதோ ஓர் ஆண்டில்
ஒரு மாட்டோடும் எட்டுப் பிள்ளைகளோடும்
ஒருத்தி அங்கே இருந்திருக்கிறாள்.

"நோய்க்கு உங்கள் ஊர்ப் பெயர்தான்" என்றார்,
தானே வைத்துவிட்டதுபோல் தலைகுனிந்து.
சல்லா நோய்.
ஊர் எல்லைப் பலகையில் வாரந்தோறும்
நான் பனி தட்டிவிடுகிற அதே பெயர்.

உயிரணுவுக்குள் ஒரு சின்ன அறையாம்.
அதில் ஓர் அமிலம்.
வெளியே போகவேண்டிய வாசல் திறப்பதில்லை.
அவ்வளவுதான், என்றார்.
இரவெல்லாம் கொட்டிய பிறகு
கதவு உள்ளிருந்து திறக்காத காலைகளை
நான் அறிவேன்.
அந்த வாசலுக்கு என் வண்டி போகாது.

நடை தள்ளாடும்.
பேச்சு குறைவாய் இருக்கும், புரிவது அதைவிட அதிகம்.
வயது ஏற ஏறக் கைகால் விறைக்கும்.
மருந்து, இன்னும் இல்லை.
அடுத்த பிள்ளைக்கு? நாலில் ஒன்று.

எங்கள் சமையலறை மேசைக்கு நாலு நாற்காலி.
அன்றிரவு யோர்மா ஒன்றைத் தூக்கிக்கொண்டுபோய்க்
கொட்டகையில் வைத்துவிட்டு வந்தான்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

இப்போது ஐலிக்கு நாலரை வயது.
வார்த்தைகள் ஏழு.
அதில் ஒன்று "இன்னும்".
கஞ்சிக்கும் இன்னும், ஊஞ்சலுக்கும் இன்னும்,
என் வண்டி மேல் சுழலும் மஞ்சள் விளக்குக்கு
இருபது தடவை இன்னும்.
துவோவியின் அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை.

வீட்டிலிருந்து தபால்பெட்டி வரை
வண்டி விட்டு அகலமாகத் தள்ளுவதுதான் வழக்கம்.
இந்தக் குளிர்காலம் வண்டியை ஓரம் கட்டிவிட்டு
மண்வாரியால் வெட்டினேன், குறுகலாக,
அவள் கைகளை விரித்தால் தொடும் அகலத்துக்கு.
இருபுறமும் அவள் தோளுயரம் பனிச்சுவர்.
நடுவில் இறக்கிவிட்டேன்.

இடச்சுவரில் மோதினாள். வலச்சுவரில் மோதினாள்.
இடம் வலம் இடம் வலம்,
கண் போன வழியே உடம்பும்.
விழவில்லை. விழ இடம் இல்லை.
பதினோரு அடி.
வாசற்படியில் யோர்மா
அவளுடைய கையுறை ஒன்றைப் பிடித்தபடி
அதைப் போட்டுவிட வந்ததையே மறந்து நின்றான்.
"இன்னும்" என்றாள் ஐலி, சுவரிடம்.

மே பிறந்து நாலு நாள்.
கூரை ராத்திரியிலும் சொட்டுகிறது.
சுவர் அவள் இடுப்புக்கு இறங்கிவிட்டது,
தபால்பெட்டிப் பக்கம் முழங்காலுக்கு.
கொட்டகையில் பலகை இருக்கிறதா என்று கேட்டேன்,
இரண்டு பக்கமும் நட்டுவைக்க.

பலகை இல்லை, என்றான்.
கொஞ்சம் பொறுத்து,
நாற்காலி ஒன்று இருக்கிறது,
பிடித்துத் தள்ளிக்கொண்டு போவாளா பார்.